தூசி ஒத்துக்காதவர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் சிட்டுவும் சுகம். அங்கே நீங்களும் இவரும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இவருடைய பாத வெடிப்புக்குக் களிம்பு கொடுத்தனுப்பினேன். கேட்டால் போட்டேன் என்பார். டப்பாவைத் திறந்து நீங்களே பாருங்கள்.

முதலில் உங்கள் மகள் விஷயம். சிட்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அப்பாவுக்குத் தனியா எழுது, மாமாவுக்குத் தனியா எழுது" என்று ஒரே ரகளை. மாமாவுக்குத் தனியாக எழுதி என்ன ஆகப்போகிறது? எழுத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நாலு வரி படிக்க நாலு நாள் எடுத்துக்கொள்வார். எப்போதும்போல உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் படித்துக் காட்டிவிடுங்கள். அண்ணி போனபின் நீங்கள் இவளை என் மடியில் விட்டபோது மூன்று வயது. இப்போது பல் விழுந்து பேச்சு விசிலடிக்கிறது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை. பெயர், வயது, தொழில் கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். நேற்று ஒரு பழைய பிளம்பர் வந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து என் மேஜைக்கு வருவதற்குள் மூன்று தடவை நின்றார். டாக்டர் அவரிடம், "முப்பது வருஷத்துக்கு முன்னாடி எந்த மாதிரி வீடுகள்ல வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். "நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இல்ல டாக்டர்" என்று அவர் சிரிக்கப் போய், இருமல் பிடித்துக்கொண்டது. அது நிற்கவே இல்லை.

கல்நார்தான் காரணம் என்று அங்குள்ள நர்ஸம்மா சொன்னார். நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோமே, அதுதான். கூரைத் தகட்டில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பழைய வீடுகளில் வெந்நீர்க் குழாய்ச் சுற்று, கூரைப் பலகை, தரை ஓட்டின் பசை, எங்கே வேண்டுமானாலும் இருக்குமாம். "சும்மா கிடந்தா சும்மா கிடக்கும். உடைச்சா, அறுத்தா, துளை போட்டா கண்ணுக்குத் தெரியாத இழை பறக்கும். உள்ளே போனது வெளியே வராது" என்றார்.

நீங்கள் பழைய வீடுகளைத்தான் ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறீர்கள். குழாய் வேலை முழுக்க இவர் கையில். அதனால்தான் கேட்கிறேன். அங்கே அப்படி ஏதாவது இருக்கிறதா? இவருக்கும் சொல்லிவையுங்கள்.

உங்கள் பதில் வரும்வரை வாசலைப் பார்த்திருக்கும்,
தங்கை


ஜனவரி 20

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். முதுகுவலி மட்டும் என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. மாப்பிள்ளை களிம்பு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் சொன்னேன் என்று சொல்லாதே.

சிட்டுவின் பல் விஷயத்தைப் படித்துக் காட்டினேன். உன் வீட்டுக்காரர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு, "விசில் அடிக்குதா, விசில் அடிக்குதா" என்று பத்து தடவை கேட்டார். பெற்றவன் நானா அவரா என்று சந்தேகமே வந்துவிட்டது.

வேலைக்குப் போய் மூன்று வாரத்தில் பாதி டாக்டராகிவிட்டாயே! நாங்கள் இருக்கும் கட்டடம் நாலு மாடி. மேலே குடித்தனக்காரர்கள், கீழே நிலவறையில் வெந்நீர்க் கொதிகலன். எல்லாக் குழாயையும் மாற்றித் தர வேண்டும். தேதி குறித்துக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நீ பயப்படுகிற சமாசாரம் எதுவும் இங்கே இல்லை. இருந்தால் எனக்குத் தெரியாதா? இருபது வருடமாக வீடுகளை இடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் அந்த நர்ஸம்மா வேறு என்ன சொல்கிறார் என்று விவரமாக எழுது. தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதானே.

மாப்பிள்ளை மாதக் கடைசியில் வருவார். சிட்டுவுக்கு என் முத்தங்கள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். சிட்டுவுக்கு லேசாகச் சளி இருந்தது, சரியாகிவிட்டது. உங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர்க் குழாய்க்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டுமா?

இவர் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். மூட்டை அழுக்குத்துணி கொண்டுவந்தார். அதை நான் துவைத்துப்போட்ட மறுநாள்தான் நர்ஸம்மா கட்டட வேலைக்காரர்களுக்கு வகுப்பு எடுத்தார். நான் சீட்டின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டேன். உங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்பதால் கவலையில்லாமல் எழுதுகிறேன்.

கல்நார் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதாம், இருபது வருட அனுபவம் உள்ளவர்கூட. (உங்களைத்தான்!) சின்னத் துண்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். முடிவு வரும்வரை இருக்கிறது என்றே நினைத்து நடக்க வேண்டும். உடையாமல் நல்லபடியாக இருந்தால் தொடாமல் விடுவதே மேல். கூரைத் தகடு மாதிரி எடுத்தே ஆக வேண்டியது என்றால் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, திருகாணியைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். மின்ரம்பம் கூடவே கூடாது. கீழே பிளாஸ்டிக் விரித்து, எடுத்ததை இரண்டு பையில் போட்டு ஒட்ட வேண்டும். பிறகு விளக்குமாற்றைத் தொடாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கினால்தான் எல்லாம் கிளம்புமாம்.

குழாய்ச் சுற்று மட்டும் வேறு கதை. அது உதிரும். அதில் நம் ஆட்கள் கையே வைக்கக் கூடாது. அறையை அடைத்து எடுப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

மூக்கில் துண்டு கட்டுவதெல்லாம் சும்மா. இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடிதான் உதவும். அது முகத்தில் ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். உங்கள் தாடியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

வேலைத்துணி வீட்டுக்கு வரக் கூடாது. இதை நர்ஸம்மா மூன்று தடவை சொன்னார். புருஷன் சட்டையைத் துவைத்தே நோய் வாங்கிய பெண்கள் இருக்கிறார்களாம். எதற்கும் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். இதையெல்லாம் இவருக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். தலையை ஆட்டுவார். ஆட்டினால் போதாது, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


பிப்ரவரி 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை கழுத்தைப் பிடிக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளையும் அப்படியே.

உன் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். வாத்தியார் மாதிரி எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டினேன், தலையை ஆட்டினார். நீ சொன்னபடி ஒரு துண்டை எடுத்து அனுப்பிவைத்தோம். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

தாடியை எடுத்துவிட்டேன். கோடை வருகிறதே! கண்ணாடியில் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் உதை வாங்கிய முகம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. சிட்டுவுக்கு அடையாளம் தெரியுமோ என்னவோ.

ஒன்று கேட்க வேண்டும். அந்த முகமூடி வடிகட்டியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம்? மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருந்தால் மாற்ற வேண்டும் என்று அர்த்தமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். வேறு இடத்தில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் கேட்டார்.

உன் அண்ணன்


மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் வந்த மறுநாள் இவர் வந்தார். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று படித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இரண்டு நாள் இருக்கப் போகிறவரிடம் எதற்கு வேலைப் பேச்சு என்று நான் வாயைத் திறக்கவே இல்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் நண்பருக்கு: வடிகட்டி உறைமேல் போட்டிருக்கும் காலம் முடிந்தால் மாற்ற வேண்டும், மூச்சு இழுக்கக் கனத்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். கழற்றும்போது முகமூடியைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டுமாம். அவருக்கும் குடும்பம் இருக்கும், பாவம், பத்திரமாக இருக்கச் சொல்லுங்கள்.

சிட்டு அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். மாமா அழுக்குச் சட்டைப் பைகளில் மிட்டாய் ஒளித்துவைத்துக் கொண்டுவருகிறார். மூட்டையைப் பிரித்ததும் இவள் தலைகீழாக அதற்குள் இறங்கிவிடுகிறாள். ஒவ்வொரு சட்டையாக எடுத்து உதறி, பையைத் திருப்பி, மறுபடி உதறி, அறை முழுக்க ஒரே தூசிமண்டலம். தலை, புருவம் எல்லாம் வெள்ளை. "பாட்டி ஆயிட்டேன் பாரு" என்று கூன் போட்டு நடந்தாள். இவர் கட்டிலில் விழுந்து சிரித்தார். போன தடவையும் இதே ஆட்டம்தான். பெரிய துணிமணி எல்லாம் என் பொறுப்பு, மாமா சட்டை மட்டும் அவள் பொறுப்பு என்று சட்டம் போட்டிருக்கிறாள்.

நீங்கள் எப்போது வருகிறீர்கள்? தாடியில்லாத முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

தங்கை


மார்ச் 7 (விரைவுத் தபால்)

தங்கச்சிக்கு,

சுகம்தானே? அவசரமாக எழுதுகிறேன்.

சிட்டுவை அந்த மூட்டைப் பக்கம் விடாதே. வெயில் காலம், பூச்சி பொட்டு இருக்கும். அறையை ஈரத்துணியால் துடைத்துவிடு, பெருக்காதே. அவள் அன்று போட்டிருந்த உடுப்பைத் தூக்கிப் போட்டுவிடு. தலையணை உறையையும். இனி மாப்பிள்ளை துணி இங்கேயே துவைக்கப்படும்.

அவள் இருமுகிறாளா? எழுது.

அண்ணன்


ஏப்ரல் 1

அண்ணனுக்கு,

உடம்பு விசாரிப்பு இந்தத் தடவை கடைசியில்.

ஈரத்துணியால் துடை, பெருக்காதே என்று எழுதியிருந்தாய். பூச்சிக்கு யாராவது அப்படிச் செய்வார்களா? மூன்று வாரம் அந்தக் கடிதத்தை மடித்தும் பிரித்தும் வைத்துக்கொண்டிருந்தேன். நேற்று முன்தினம் இவர் வந்தார், மூட்டை இல்லாமல். சிட்டு முகம் தொங்கிப்போய்விட்டது.

"துணி எங்கே?" என்றேன்.

"உங்க அண்ணன் அங்கேயே விட்டுட்டுப் போகச் சொல்லிட்டாரு. அவருக்குத்தான் தூசி ஒத்துக்காதே. அவர் பொண்ணாச்சே, இவளுக்கும் அப்படித்தான் இருக்குமாம்."

"அண்ணனுக்குத் தூசி ஒத்துக்காதா? எப்பலேர்ந்து?"

"பிப்ரவரிலேர்ந்து. பாவம், ரொம்ப அவஸ்தைப்படறாரு. ரெண்டு பக்கமும் டப்பா வச்ச முகமூடி ஒண்ணு வாங்கிட்டாரு. ஆசையா வளர்த்த தாடியக்கூட எடுத்துட்டாரு. முகமூடியைப் போட்டுக்கிட்டு நிலவறை வாசல்ல நின்னு எட்டிப் பார்ப்பாரு, அப்படியே மேலே போயிடுவாரு."

"நீங்க உள்ளே என்ன செய்யறீங்க?"

"பழைய குழாய் மேல கை ஒடிஞ்சவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி வெள்ளையா சுத்தியிருக்கு. அதைக் கத்தியால கீறி, கையால உரிச்சு எடுக்கணும். பஞ்சு மாதிரி உதிரும். கொட்டினதைப் பெருக்கிச் சாக்குல கட்டணும். மேலே குடித்தனக்காரங்க தூசின்னு சண்டைக்கு வராங்கன்னு, கதவை மூடிக்கச் சொல்லிட்டாரு. உள்ளே கொஞ்சம் புழுக்கம்தான்."

"மூக்குல என்ன கட்டறீங்க?"

"துண்டு."

"நான் எழுதினதைப் படிச்சுக் காட்டினாரா?"

"காட்டுவாரே! பல்லு விழுந்தது, விசில் அடிக்கறது, நீ என் களிம்பைப் பத்திக் கேட்டது, எல்லாம். உன் கடிதம் வந்தா எனக்குக் கொண்டாட்டம்."

"பரிசோதனைக்குத் துண்டு எடுத்தாங்களா?"

"ஒருத்தர் வந்து சின்னதா வெட்டி எடுத்துட்டுப் போனாரு. ஒரு வாரம் கழிச்சு ஏதோ காகிதம் வந்துது. அதுக்கு மறுநாள்தான் உங்க அண்ணன் முகமூடி வாங்கினாரு." இதைச் சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். "ஏன் கேக்கற?" என்றார்.

நான் சொன்னேன். என் சீட்டுக் கிறுக்கல்களை எடுத்துவந்து முதலிலிருந்து கடைசிவரை, நீ படித்துக் காட்டாத ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டினேன். திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

நான் எழுதிய ஒவ்வொன்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாய். ரப்பர் முகமூடி, மழித்த முகம், காலம் தவறாமல் மாற்றிய வடிகட்டி. என் புருஷனைக் காப்பாற்ற நான் எழுதிய கடிதங்கள் உன்னைக் காப்பாற்றியிருக்கின்றன. ஏன் என்று மட்டும் எழுது.

சிட்டு இருமவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

தங்கை


ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

நீங்கள் என்று எழுதுகிறவள் நீ என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. கோபம் ஆறட்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

நீ நினைக்கிற மாதிரி நான் ராட்சசன் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். காகிதம் வந்தபோது பாதிக் குழாய் உரித்தாகிவிட்டது. பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிட்டால் கட்டடத்தையே காலி செய்யச் சொல்வார்கள், மூன்று மாதம் இழுக்கும், வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மாப்பிள்ளையிடம் சொன்னால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்துவிடுவார். அந்தச் சந்துக்குள் குனிந்து வேலை செய்ய அவரை விட்டால் ஆள் கிடையாது. இருவரும் முகமூடி போட்டுக்கொண்டு நின்றால் குடித்தனக்காரர்கள் என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். ஒருவர் போட்டால் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு நிலவறை. வாழ்நாள் முழுக்க இதையே செய்தவர்கள் தொண்ணூறு வயதுவரை இருக்கிறார்கள். அவர் உடம்பு இரும்பு. அவருக்கு எதுவும் வராது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சிட்டு எத்தனை தடவை அந்தத் துணியை உதறினாள்? எவ்வளவு நேரம்? டாக்டரிடம் காட்டினாயா? நெஞ்சுப் படம் எடுத்தாயா? அவள் சின்னக் குழந்தை, அவளுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு. உடனே எழுது. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

அண்ணன்


மே 6

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இங்கேதான் இருக்கிறார், திரும்பி வரமாட்டார்.

நீ கேட்டதற்குப் பதில். இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் இருக்கும். ஜனவரி மூட்டையைப் பிரித்தது என் அறியாமை. பிப்ரவரி மூட்டையைப் பிரித்தது உன் கடிதத்தை நம்பி.

டாக்டரிடம் இருவரையும் கூட்டிப்போனேன். சீட்டை நானே எழுத வேண்டியிருந்தது. இவருடையது சுலபமாக இருந்தது. சிட்டு சீட்டில் பெயர் எழுதினேன், வயது ஏழு என்று எழுதினேன். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மாமா சட்டையை உதறுவது என்று எழுதினேன். டாக்டர் அதை வாசித்துவிட்டு அடித்துத் திருத்தவில்லை, கீழே கோடு போட்டார்.

படம் எடுத்துப் பிரயோஜனமில்லையாம், இப்போது எதுவும் தெரியாது. இருபது வருடம், முப்பது வருடம், அதற்கு மேலும் ஆகலாம். உள்ளே போனதை எடுத்து வெளியே போட மருந்தும் கிடையாது. "ரெண்டே தடவைதானே, குழந்தைக்கு ஒண்ணும் வராமலே போகலாம்மா" என்றார். வராது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இவரைப் பற்றி அந்த அளவுக்குக்கூடச் சொல்லவில்லை. வருடா வருடம் வரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து இவர் சிட்டுவைத் தூக்குவதில்லை. அவள் ஓடிவந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். "குளிச்சாச்சு, எல்லாத் துணியும் புதுசு, உங்க மேல ஒண்ணும் இல்ல, தூக்குங்க" என்று நான் கெஞ்சினேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை குளிக்கிறார். தனியாகப் படுக்கிறார். தட்டைக்கூட அவரே கழுவித் தனியாக வைக்கிறார்.

நேற்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நான் கேட்டிருந்தா எனக்கும் ஒரு முகமூடி வாங்கிக் கொடுத்திருப்பாரா?" என்ன பதில் சொல்லட்டும்? நீயே எழுது, படித்துக் காட்டுகிறேன். ஒரு வரி விடாமல்.

தங்கை


மே 12 (விரைவுத் தபால்)

தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

சிட்டுவை என்னிடம் அனுப்பிவிடு. பெரிய ஊரில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். அவள் என் மகள்.

இன்னொன்று. தொழிலாளர் ஆய்வாளர் இங்கே வந்து நிலவறைச் சாவியைக் கேட்டார். யார் சொன்னது என்று தெரியவில்லை. நீயாக இருக்காது என்று நினைக்கிறேன். ஒருவேளை உன்னிடம் வந்தால் என் கடிதங்களைக் காட்டாதே. குறிப்பாக ஏப்ரல் மாதக் கடிதத்தை. அதைக் கிழித்துவிடு. கூடப் பிறந்தவள் என்று நம்பித்தான் அதில் மனசைத் திறந்து எழுதினேன். என் உரிமம் போனால் சிட்டுவின் எதிர்காலம் என்ன ஆகும் என்று யோசி. அவளுக்காகவாவது.

மாப்பிள்ளை கேட்டதற்கு: வாங்கிக் கொடுத்திருப்பேன் என்று சொல்.

அண்ணன்


ஜூலை 19

அண்ணனுக்கு,

உன் மே மாதக் கடிதம் வருவதற்கு முன்பே மற்றக் கடிதங்களை ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு எழுதியதும் நான்தான். அந்த மே மாதக் கடிதத்தையும் அப்புறம் சேர்த்தேன். நிலவறையை அடைத்து முத்திரை வைத்துவிட்டார்கள் என்றும், மேலே இருந்த குடும்பங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்றும், உன் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். வழக்கில் நான் சாட்சி. நீ யாரை வைத்து வாதாடினாலும் வருவேன்.

இவரையும் விசாரித்தார்கள். "கதவை மூடச் சொன்னது யாரு?" என்று ஆய்வாளர் கேட்டார். "மூடினது நான்தான் சார்" என்றார். திரும்பத் திரும்பக் கேட்டும் அதையேதான் சொன்னார். உன் பெயர் அவர் வாயில் வரவில்லை. பயமா, மரியாதையா, எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன். எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

என்னையும் கேட்டார்கள். உங்கள் அண்ணனுக்கு இதன் ஆபத்து எப்போதிலிருந்து தெரியும் என்றார்கள். ஜனவரியிலிருந்து என்றேன். யார் சொன்னது? நான்தான் என்றேன். ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்காரே. அவர்கிட்ட ஏம்மா நேராச் சொல்லலை?"

நடந்து வரமுடியாத அந்தப் பிளம்பரைப் பார்த்தபின்னும், மூன்று தடவை நர்ஸம்மா சொல்லக் கேட்டபின்னும், ஒரே கட்டிலில் படுத்திருந்த மனுஷனிடம் சொல்லாமல், உனக்கு எழுதினேன். அவருக்குப் படிக்க வராது என்பதால் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஆய்வாளர் எதையும் எழுதவில்லை, இடம் விட்டுவிட்டார். தினமும் சீட்டு எழுதும்போது அந்த வெற்றிடம் என் கண்ணில் நிற்கிறது.

சிட்டுவை அனுப்பமாட்டேன். போன மாதம் நீ வந்து வாசலில் நின்றபோது அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் இருந்திருந்தாலும் கதவைத் திறந்திருக்கமாட்டேன். சன்னல் வழியாக இவர் உனக்குத் தண்ணீர் கொடுத்தாரே, அது அவர் குணம். என்னிடம் அதை எதிர்பார்க்காதே.

அவள் வளர்கிறாள். விழுந்த பல் முளைத்துவிட்டது. மாமா ஏன் தன்னைத் தூக்குவதில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. போன வாரம் அவர் எதிரில் போய் நின்று, "நான் என்ன தப்புப் பண்ணேன் மாமா?" என்று கேட்டாள். "நீ ஒண்ணும் பண்ணலைடா கண்ணு. மாமாதான் பண்ணிட்டேன்" என்றார். அவள் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து அவரிடம் பேசுவதில்லை. அவரும் அதுதான் சரி என்கிற மாதிரி ஒதுங்கி நடக்கிறார்.

அப்பா எப்போது வருவார் என்று தினமும் என்னிடம் கேட்கிறாள். உன் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள், தாடி வைத்த படம். உன்மேல் அவளுக்கு அத்தனை பிரியம்.

நடந்ததை ஒரு நாள் அவளிடம் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதங்களின் நகல் என்னிடம் இருக்கிறது. பத்து வயதிலா, அவளுக்குக் கல்யாணம் ஆகும் அன்றா, அவள் கையில் குழந்தை இருக்கும்போதா, அதை இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தாலும் உனக்கு எழுதமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் மகளை வளர்ப்பவள்